முடிவு தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து பார்க்க: நான்கு பழைய மர்மப் படங்கள்

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஒன்பது பேர் கூடுகிறோம். எழுபத்தைந்து வயதாகும் அம்மா, அண்ணன், அண்ணி, கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய மகன், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகள், பிறகு நான், என் மனைவி, பதினான்கு வயது மகன், பதினொரு வயது மகள். போகி அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு பழைய மர்மப் படம் பார்ப்பது என்று பேசி முடித்தாயிற்று. எந்தப் படம் என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்கள். ஒரு வாரமாக நான்கு படங்களை மனத்தில் வைத்து எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படி எடைபோட்டதில் தெளிவானவற்றை, இதே போன்ற ஓர் இரவுக்கு ஆயத்தம் செய்கிற மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எந்தப் படத்தின் முடிவையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆகவே படம் பார்க்காதவர்களும் அச்சமின்றிப் படிக்கலாம்.

ஒரு நகைச்சுவைப் படத்தையோ புராணப் படத்தையோ திரும்பப் பார்ப்பதில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. வசனத்தை நடிகருக்கு முன்பே சொல்லிவிடுகிற மாமா ஒருவர் பக்கத்தில் இருந்தால் அங்கே சிரிப்பு கூடத்தான் செய்யும். மர்மப் படத்தில் அதே மாமா ஒரே வாக்கியத்தில் அறையில் இருக்கும் அத்தனை பேரின் இரவையும் முடித்துவிட முடியும். மூன்று தீபாவளிகளுக்கு முன் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. தொலைக்காட்சியில் 'புதிய பறவை' ஓடிக்கொண்டிருந்தது. முதன்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். விளம்பர இடைவேளை வந்தது. உறவினர் ஒருவர் பலகாரத் தட்டை எடுத்து நீட்டியபடியே, யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதை வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அறுபது ஆண்டுப் படத்தின் முடிவு உலகம் முழுவதற்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறார். மகள் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தப் படத்தை அவள் இன்றுவரை முழுதாகப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளிடமிருந்து பறிபோனதை வேறொரு படத்தின் மூலமாகவேனும் திருப்பித் தர வேண்டும் என்ற கவலைதான் இந்த ஒப்பீட்டுக்கு அடியில் இருக்கிறது.

ஒன்பது பேரில் நான்கு பேர், அதாவது அம்மா, அண்ணன், அண்ணி, நான், இந்தப் படங்களைப் பார்த்தவர்கள். மனைவியும் பிள்ளைகள் நால்வரும் பார்க்காதவர்கள். ஆகவே, 'எது நல்ல படம்' என்ற கேள்வி எனக்கு உதவவில்லை. நான்குமே நல்ல படங்கள். முடிவு தெரிந்த நால்வருக்கு அந்தப் படம் இன்னும் என்ன மிச்சம் வைத்திருக்கிறது, தெரியாத ஐவருக்கு அது எவ்வளவு நேரம் பொறுமையைத் தாங்கவைக்கும், தெரிந்தவர் தவறி ஒரு சொல் சொல்லிவிட்டால் எவ்வளவு சேதம் ஆகும் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் நாம் 'சஸ்பென்ஸ்' என்பதை இரண்டு வேறு பொருள்களில் வழங்குகிறோம். 'சஸ்பென்ஸை உடைத்துவிட்டான்' என்று சொல்லும்போது, படம் கடைசிவரை மறைத்து வைத்திருக்கும் ரகசியத்தைக் குறிக்கிறோம். 'ஒரே சஸ்பென்ஸாக இருந்தது' என்று சொல்லும்போது, அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பைக் குறிக்கிறோம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். இருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கடியில் ஒரு வெடிகுண்டு இருக்கிறது. அது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால், வெடிக்கும்போது பதினைந்து விநாடி அதிர்ச்சி மட்டுமே கிடைக்கும். குண்டு இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அதே வெற்றுப் பேச்சு பதினைந்து நிமிடப் பதைப்பாகிவிடும் என்றார். ரகசியத்தை மட்டும் முதலாக வைத்துத் தொழில் நடத்தும் படம் இரண்டாம் முறை பார்க்கும்போது கையிருப்பு இல்லாமல் நிற்கும். பதைப்பையோ, மனிதர்களின் நடத்தையையோ முதலாக வைத்திருக்கும் படத்துக்கு அந்த நிலை வருவதில்லை.

இந்த வேறுபாட்டைத் தமிழில் கண்ணெதிரே காட்டுகிற படம் 1964-இல் வந்த 'பொம்மை'. வீணைக் கலைஞராக நாடறிந்த எஸ். பாலசந்தர் இயக்கி, இசையமைத்து, நடித்த படம் அது. வெடிகுண்டு ஒளித்து வைக்கப்பட்ட ஒரு விளையாட்டுப் பொம்மை கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதை வாங்கிக் கொஞ்சுகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, நமக்குத் தெரியும். ஹிட்ச்காக் மேசைக்கடியில் வைத்த குண்டை பாலசந்தர் எடுத்து ஊரெல்லாம் சுற்றவிட்டிருக்கிறார் என்று சொல்லலாம். 'நீயும் பொம்மை நானும் பொம்மை' என்று கே. ஜே. யேசுதாஸின் குரல் தமிழ்த் திரைக்கு அறிமுகமானதும் இந்தப் படத்தில்தான். படம் முடிந்தபின், நடித்தவர்களையும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் இயக்குநரே திரையில் அறிமுகப்படுத்துவார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் வீட்டுச் சிக்கலுக்கு இந்தப் படம் ஒரு வகையில் மிகப் பாதுகாப்பானது, ஏனென்றால் 'பொம்மையில் குண்டு இருக்கிறது' என்று யார் உளறினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் இதன் பதைப்பு முழுவதும் ஒரே நூலில் தொங்குகிறது. பொம்மை திரையில் இல்லாத நேரங்களில் அந்த நூல் தளர்ந்துவிடுவதை நான் ஒவ்வொரு முறையும் உணர்ந்திருக்கிறேன், இன்றைய பிள்ளைகள் அதற்குள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். தனியாகவோ, சினிமா பயிலும் ஒருவரோடோ பார்ப்பதற்கு இதை நான் முதலில் சொல்வேன். ஒன்பது பேர் கூடும் இரவுக்குச் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளை மட்டும் கருதினால் 'அதே கண்கள்' மற்ற மூன்றையும் முந்திவிடும். ஏ. சி. திருலோகசந்தர் இயக்கி, ஏவிஎம் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட வண்ணப் படம். ரவிச்சந்திரன், காஞ்சனா, அசோகன், நாகேஷ் நடித்தது. அதே ஆண்டில் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. ஒரு பெரிய பங்களா, அதற்குள் ஒரு குடும்பம், முகமூடியிட்ட ஓர் உருவம், ஒன்றன்பின் ஒன்றாக ஆபத்து, நடுநடுவே வேதாவின் துள்ளலான இசை. 'பூம் பூம் பூம் மாட்டுக்காரன்' தொடங்கினால் என் மகள் எழுந்து ஆடிவிடுவாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. முதன்முறை பார்க்கிறவருக்கு இது இடைவிடாத விருந்து. ஆனால் நான் சொன்ன அளவுகோலில் இது கீழே இறங்கிவிடுகிறது. முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகம் யாருடையது என்பதுதான் இந்தப் படத்தின் பெரும் சொத்து. அது தெரிந்தபின் அண்ணனுக்கும் எனக்கும் எஞ்சுவது பாடல்களும், அந்தக் காலத்து வண்ணங்களும், பழைய நினைவும்தான். அவை குறைந்த இன்பங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தெரிந்த நால்வரும் இரண்டரை மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு, வேறு வேலையின்றிக் காவல் காக்க வேண்டியிருக்கும். யாராவது ஒருவர் நாக்கு நழுவினால் முழுப் படமும் போய்விடும். மேலும் இரவில் அந்த முகமூடியைப் பார்த்துவிட்டுப் பதினொரு வயதுப் பெண் தூங்குவாளா என்று அண்ணி கேட்டது நியாயமான கேள்வி.

அண்ணன் மகன் இடையில் ஒரு யோசனை சொன்னான்: ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' பார்க்கலாமே என்றான். கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவன், எதிர்க் குடியிருப்பின் ஜன்னல்களைப் பார்த்துப் பார்த்தே ஒரு கொலையைச் சந்தேகிக்கிற அந்த 1954 படம் எனக்கும் உயிர். ஆனால் ஆங்கில வசனமும் ஆங்கில எழுத்துகளும் ஓடும் திரைக்கு முன்னால் அம்மா ஒரு விருந்தாளியைப் போல உட்கார்ந்திருக்க நேரும். அவர் வீட்டில், அவர் கூடத்தில், அப்படி ஓர் இரவை ஏற்பாடு செய்ய எனக்கு மனமில்லை. அவனும் புரிந்துகொண்டான்.

ஆக, உண்மையான போட்டி 'புதிய பறவை'க்கும் 'அந்த நாள்' படத்துக்கும் இடையில்தான்.

'புதிய பறவை' அம்மாவின் படம். 1964 செப்டம்பரில் சென்னையில் வெளியானது, அடுத்த ஆண்டுதான் கும்பகோணம் பக்கத்தில் அவர் வளர்ந்த ஊரின் டூரிங் கொட்டகைக்கு வந்ததாம். ஒரே புரொஜெக்டர் இருந்த கொட்டகை. ஆகவே ஒவ்வொரு முறை ரீல் மாற்றும்போதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் பகுதியில், விளக்கு வந்ததும் முறுக்குக்காரனைக் கூட யாரும் கூப்பிடாமல், கோபால் நல்லவனா, வந்திருப்பவள் சித்ராதானா என்று பெரிய வழக்கே நடந்தது என்று அம்மா சொல்லுவார். பக்கத்து வீட்டு அத்தை ஒருவர், 'அவ கண்ணப் பாரேன், பொய் சொல்றவ கண்ணா அது?' என்று கேட்டாராம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு வாக்கியம் அம்மாவின் வாயில் அப்படியே இருக்கிறது.

சிவாஜி பிலிம்ஸ் தயாரித்து, தாதா மிராசி இயக்கி, ஆரூர்தாஸ் வசனம் எழுதிய படம் இது. 1958-இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தின் கருவை எடுத்து வங்காளத்தில் 1963-இல் 'சேஷ் அங்கா' எடுத்தார்கள். அதைத் தழுவித் தமிழுக்கு இது வந்தது. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கோபால், வழியில் லதாவைச் சந்திக்கிறான், காதல் மலர்கிறது. ரயிலைக் கண்டால் மட்டும் அவன் நிலைகுலைந்து போகிறான். இறந்துவிட்டாள் என்று அவன் சொன்ன மனைவி சித்ரா, ஒரு நாள் நேரில் வந்து நிற்கிறாள். இதுவரை சொல்வதில் பழுதில்லை. படத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் இதுவரை சொல்லுவார்கள்.

இரண்டாம் முறை பார்ப்பவருக்கு இந்தப் படம் கொடுப்பது அளவற்றது. சிவாஜி கணேசன், சரோஜாதேவி, சௌகார் ஜானகி, எம். ஆர். ராதா ஆகிய நால்வரும், முடிவு தெரிந்தபின் பார்த்தால், முதலில் பார்த்த படத்துக்குக் கீழே வேறொரு படத்தை நடித்துக்கொண்டிருப்பது தெரியும். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் விழும் அரை விநாடி, கையிலிருக்கும் பொருளைக் கீழே வைக்கும் விதம், ஒருவர் பேசும்போது மற்றவர் எங்கே பார்க்கிறார் என்பது எல்லாம் முதல்முறை கதைக்குள் கரைந்து போனவை. இரண்டாம் முறை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தலைதூக்கும். 'பார்த்த ஞாபகம் இல்லையோ' பாடல் படத்தில் இருமுறை வருகிறது. ஒன்று மயக்கும், மற்றொன்று உலுக்கும். கதையை அறிந்தவருக்கு முதல்முறை வரும்போதே அந்த இரண்டாவது சேர்ந்து ஒலிக்கும். கண்ணதாசனின் 'எங்கே நிம்மதி' வரிகளுக்கு விசுவநாதன் – ராமமூர்த்தி திரட்டிய பெரும் இசைக்குழுவின் முழக்கத்தில் சிவாஜி துவண்டு நடக்கிற காட்சியும் அப்படித்தான்; அந்த மனிதன் எதிலிருந்து நிம்மதி தேடுகிறான் என்பது தெரிந்தவருக்கு ஒரு பாட்டு, தெரியாதவருக்கு வேறொரு பாட்டு. ரகசியத்தைத் தாண்டி இவ்வளவு கையிருப்பு உள்ள மர்மப் படம் தமிழில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியிருந்தும் இந்தப் போகிக்கு அதை வேண்டாம் என்று வைத்தேன். முதல் காரணம், மகளுக்கு அதன் முடிவு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. அந்தக் காயத்தின் மேலேயே அவளை மறுபடி உட்காரவைக்க முடியாது. இரண்டாவது காரணம் இன்றைய பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவானது. சரோஜாதேவி 'கோபால்' என்று அழைக்கும் குரலை மேடைப் பலகுரல் கலைஞர்களும் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளும் இத்தனை ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் செய்து காட்டியதில், படத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் அந்த ஒரு சொல் சிரிப்புக்குரியதாகப் பழகிவிட்டது. படத்தில் அது அன்பும் தவிப்பும் கலந்த அழைப்பு. முடிவை நெருங்கும்போது அதற்கு வரும் கனம் தாங்க முடியாதது. ஆனால் முதல் 'கோபால்' ஒலிக்கும்போதே அண்ணன் மகனும் என் மகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் தன் பதினைந்தாவது வயதில் மணல்மேட்டில் உட்கார்ந்து அழுத படத்துக்குப் பேரன்கள் சிரிப்பதை அம்மா பார்க்க வேண்டாம்.

'அந்த நாள்' படத்துக்கு இந்த இரண்டு இடர்ப்பாடும் இல்லை. யாரும் அதைப் பகடி செய்து பழக்கவில்லை. பிள்ளைகள் யாருக்கும் அதன் முடிவு தெரியாது. அந்த இரண்டை மட்டும் கருதி அதைத் தேர்ந்தெடுத்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது, ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1954 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டையொட்டி, ஏ. வி. மெய்யப்பன் தயாரிப்பில் வந்த படம். 'பொம்மை'க்குப் பத்து ஆண்டுகள் முன்னால் அதே எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து பாட்டு சாதாரணமாக இருந்த காலத்தில், அதுவும் கைதேர்ந்த ஓர் இசைக் கலைஞரே அப்படி ஒரு படத்தை எடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. திரைக்கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்திருக்கிறார். அந்த ஆண்டின் தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழ்ப் படங்களுக்கான தகுதிச் சான்றிதழும் அதற்குக் கிடைத்தது.

படம் தொடங்கியவுடனே துப்பாக்கி வெடிக்கிறது. 'பராசக்தி' வந்து இரண்டே ஆண்டுகளில் நாடறிந்த நாயகனாகிவிட்ட சிவாஜி, ரேடியோ பொறியாளர் ராஜனாக, திரையில் வந்த சில நொடிகளிலேயே தள்ளாடி விழுந்து இறந்துபோகிறார். நாயகன் இறந்துவிட்டான், இனி என்ன படம் என்று பார்ப்பவர் திகைக்கிற அந்த இடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது. அண்டை வீட்டுக்காரர் வீதியில் ஓடிக் கூச்சலிடுகிறார், காவல்துறை வருகிறது, ராஜனின் மனைவி உஷா, உடன்பிறந்தவன், அவன் மனைவி, வெளியே பழகிய ஒரு பெண், அந்த அண்டை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவரும் வேறொருவரை நோக்கி விரல் நீட்டுகிறார்கள். ஒவ்வொரு வாக்குமூலத்திலும் இறந்த ராஜன் வேறொரு மனிதனாக எழுந்து வருகிறான்: ஒருவர் சொல்லில் இரக்கமற்றவன், இன்னொருவர் சொல்லில் பாசமுள்ளவன். அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். அமைப்பில் உறவு இருப்பது உண்மை. ஆனால் அங்கே உண்மை எது என்பது கடைசிவரை தீர்வதில்லை. இங்கே சிவானந்தம் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தே தீருகிறார். குடும்பத்தோடு பார்க்கையில் இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனென்றால் பதினொரு வயதுப் பெண்ணுக்குக் கடைசியில் ஒரு விடை வேண்டும்.

முடிவு தெரிந்த நால்வருக்கு இதில் என்ன இருக்கிறது என்பதுதான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டு, சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு தனியாக உட்கார்ந்து இதை மறுபடி பார்த்தேன். அன்று நான் பார்த்தது ஒரே ஒருவரை மட்டும். அவர் பேசும்போதைவிட, மற்றவர்கள் பேச அவர் சும்மா நிற்கும்போதுதான் அவரை அதிகம் கவனித்தேன். அந்த நடிப்பில் ஒரு சிறு பொய் கூட இல்லை. முதல்முறை பார்க்கையில் ஒரு விதமாகப் பொருள்பட்ட அதே முகம், இரண்டாம் முறை முற்றிலும் வேறு விதமாகப் பொருள்படுகிறது, இரண்டுமே சரியாக இருக்கின்றன. பாட்டு இல்லாததால் கவனம் கலைய இடமுமில்லை. 'புதிய பறவை' அளவுக்கு அடுக்குகள் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தவருக்குச் செய்ய வேலை இருக்கிறது. சும்மா காவல் காக்க வேண்டியதில்லை.

தெரிந்தவர் நாக்கு நழுவினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இந்தப் படத்தில் ஒரு நல்ல விடை கிடைக்கிறது. ஐந்து பேர் மீதும் மாறி மாறிச் சந்தேகம் விழும்படி படமே அமைந்திருப்பதால், அண்ணன் ஏதாவது ஒரு பெயரை முணுமுணுத்தாலும் அது இன்னொரு ஊகமாகவே பிள்ளைகளின் காதில் விழும். தெரிந்தவரும் தெரியாதவரைப் போலவே ஊகம் சொல்லி விளையாட இடமிருக்கிறது. வேண்டுமென்றே தவறான ஆளைச் சுட்டிக்காட்டவும் இடமிருக்கிறது.

அம்மாவின் எதிர்ப்பை இங்கே மறைக்கக் கூடாது. 'பாட்டே இல்லாத படத்த எப்படிடா ரெண்டு மணி நேரம் பாக்கறது?' என்று கேட்டார். படம் வெளியான காலத்தில் கொட்டகைக்குப் போன பலரும் இதே ஏமாற்றத்தைத்தான் அடைந்தார்கள். அவருக்கு நான் சொன்ன பதில் வேறு. அந்தப் படம் நடக்கும் காலம் 1943 அக்டோபர். ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசிய நாள்களில் கதை அமைந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1942 ஏப்ரலில், கொழும்பும் விசாகப்பட்டினமும் குண்டுவீச்சுக்கு உள்ளானபின், அடுத்தது சென்னைதான் என்ற அச்சத்தில் ஊரே காலியானது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். திருவல்லிக்கேணியில் குடியிருந்த என் பாட்டி, கைக்குழந்தையோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் எழும்பூரில் ரயிலேறிக் கும்பகோணம் வந்து சேர்ந்தது அப்போதுதான். அவர் பிறகு சென்னைக்குத் திரும்பவேயில்லை. அம்மா அந்த ஊரில் பிறந்ததற்கும், டூரிங் கொட்டகையில் படம் பார்த்ததற்கும் அதுவே காரணம். படத்தின் கதையும் அதே சென்னையில்தான் நடக்கிறது. பாட்டி விட்டுவந்த ஊரும், அந்த நாள்களின் பதற்றமும், அப்போதைய வீடுகளின் கூடமும் ரேடியோவும் அதில் இருக்கின்றன என்று சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் கதையைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு அவருக்கு அமையாது.

படம் முடிவானபின், எப்படிப் பார்ப்பது என்பதையும் எடைபோட வேண்டியிருந்தது. தொலைக்காட்சி அலைவரிசையில் வரும் நாளுக்குக் காத்திருப்பதை முதலிலேயே தள்ளினேன். விளம்பரம் எங்கே வெட்டும் என்பது நம் கையில் இல்லை, அந்த இடைவெளியில்தான் சென்ற முறை எல்லாம் கெட்டது. அண்ணன் வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் எடுத்துச் சுவரில் பெரிதாகக் காட்டலாம் என்றார். பெரிய திரைக்கு எனக்கும் ஆசைதான்; ஆனால் கூடத்தை முழுதாக இருட்டாக்க முடியாத வீட்டில், கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு சாம்பலாக வெளிறிவிடும். இந்தப் படத்தின் உயிர் அதன் நிழல்களில் இருக்கிறது. ஆகவே வீட்டுத் தொலைக்காட்சியிலேயே, இணையத்தில் விளம்பரமில்லாமல் கிடைக்கும் தெளிவான பிரதியைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அதில் இரண்டு திருத்தங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். பழைய படங்கள் ஏறத்தாழச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் திரை அவற்றை இழுத்து நிரப்பினால் உஷாவாக நடிக்கும் பண்டரிபாயின் முகம் பூசணிக்காயாகிவிடும், ஆகவே இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும்படி விட வேண்டும். அசைவுகளை வழுவழுவென்று காட்டுவதற்காகத் தொலைக்காட்சியில் இருக்கும் அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். அது இருந்தால் சினிமா, நேற்று எடுத்த நாடகத் தொடர் போலத் தெரியும்.

தொடக்கத்தைத் தவறவிட்டவருக்கு இந்தப் படத்தில் ஈடு செய்ய வழியில்லை. 1960-இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கியபின் யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு நிபந்தனை போட்டார். எங்கள் வீட்டிலும் ஏழரை மணிக்குக் கதவைச் சாத்திவிடுவது என்று அண்ணி அறிவித்திருக்கிறார். கைப்பேசிகள் எல்லாம் சமையலறை மேடையில் ஒரு தாம்பாளத்தில் இருக்கும், ஏனென்றால் முடிவை உளறும் உறவினரைவிட, இரண்டு சொற்களைத் தட்டினால் முழுக் கதையையும் கொட்டிவிடும் தேடுபொறிக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இடைவேளை வேண்டாம் என்று முதலில் நினைத்திருந்தேன். அம்மா சொன்ன டூரிங் கொட்டகைதான் அந்த எண்ணத்தை மாற்றியது. விளம்பர இடைவேளை கதையை எங்கே வேண்டுமானாலும் அறுக்கிறது; ரீல் மாற்றும் இடைவேளையோ மக்களுக்குப் பேச இடம் கொடுத்தது. 'அந்த நாள்' வாக்குமூலம் வாக்குமூலமாகப் பிரிந்து நிற்கிற படம். இரண்டாவது வாக்குமூலம் முடிந்ததும் ஒரு முறை, நான்காவது முடிந்ததும் ஒரு முறை நிறுத்தி விளக்கைப் போடப்போகிறோம். பிள்ளைகள் நால்வரும் என் மனைவியும் ஆளுக்கொரு சீட்டில் தங்கள் சந்தேகத்தை எழுதி, அம்மாவின் மடியில் இருக்கும் பித்தளைச் செம்பில் போட வேண்டும். தெரிந்த நால்வரும் எழுத வேண்டும். ஆனால் உண்மையை எழுதக் கூடாது. படம் முடிந்தபின் அம்மா சீட்டுகளைப் பிரித்துப் படிப்பார்.

இதைச் சொன்னதும் மகள் கேட்ட ஒரே கேள்வி, 'சித்தப்பா தாத்தாவும் வர்றாரா?' என்பது. அவர் வரவில்லை. அம்மாவும் சம்மதித்துவிட்டார். மறுநாள், பொங்கல் வேலையெல்லாம் ஓய்ந்தபின், தனக்கும் எனக்கும் மட்டுமாக 'புதிய பறவை' போட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.